ஆடாதோடை சொன்ன சாட்சி

கஞ்சாவுக்குக் காவல் இருக்கிற உத்தியோகம் என்று சொன்னால் கிண்ணியாவில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை வந்து சேராது. நல்லவேளை, பரீனா அந்த உத்தியோகத்துக்குப் போகுமுன்னே கல்யாணம் முடித்துவிட்டாள். அப்படியிருந்தும் பக்கத்து வீட்டு ஷாமிலா விடமாட்டாள். மாலையில் பஸ்ஸால் இறங்கி வருகிறவளைப் பார்த்து, "இண்டைக்கு எத்தனை மூட்டை வித்த?" என்று வேலிக்கு மேலால் கேட்பாள்.

"உங்கட மாப்பிள்ளைட்ட ஒரு கட்டுக் குடுத்தனுப்பினேனே, வீடு வந்து சேரலியா?" என்று பரீனாவும் திருப்பிக் கொடுப்பாள்.

விஷயம் இவ்வளவுதான். திருகோணமலையில், துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கிற ஒரு பழைய கட்டடத்தில் அரசாங்கத்தின் சித்த மருந்துக் களஞ்சியம் ஒன்று இருக்கிறது. பரீனா அதற்குப் பொறுப்பாளர். சுக்கு, திப்பிலி, கடுக்காய் என்று அறுபது சாமான்கள் அங்கே உண்டு. அதில் கஞ்சாவும் ஒன்று. டொக்டர் மேனுஜா அதை முறைப்படி சுத்தி செய்து, லேகியம் கிண்டி, புற்றுநோய் வந்து சோறும் இறங்காமல் நித்திரையும் வராமல் கிடக்கிறவர்களுக்குக் கொடுக்கிறார். மருந்து என்று பார்த்தால் சுக்கும் கஞ்சாவும் ஒன்றுதான். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. சுக்கு ஒரு கிலோ குறைந்தால் பரீனா விளக்கக் கடிதம் எழுதவேண்டும். கஞ்சா ஒரு பிடி குறைந்தால் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணவேண்டும்.

போன வருஷம் அதற்கென்றே ஒரு புதிய முறை வந்தது. ஒவ்வொரு துணி மூட்டைக்கும் ஒரு சீல், ஓர் இலக்கம். இரும்பு அலுமாரிக்கு இரண்டு பூட்டு. ஒரு திறப்பு பரீனாவிடம், மற்றது டொக்டரிடம். எடுத்தாலும் டப்லெட் கணினியில் பதியவேண்டும், வைத்தாலும் பதியவேண்டும், சும்மா திறந்து பார்த்து மூடினாலும் பதியவேண்டும். மாதம் ஒருமுறை சீலைப் பார்க்கவேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேலதிகாரி வந்து நிறுக்கவேண்டும். நிறை ஐம்பது கிராமுக்கு மேல் பிசகி, அதற்கு ஒரு காரணத்தை அன்று பின்னேரம் நாலு மணிக்குள் பதியாவிட்டால், அந்த மெசின் யாரையும் கேளாமல் பொலிசுக்குத் தானே செய்தி அனுப்பிவிடும். மனிசர் செய்கிற கோள்மூட்டல் போதாதென்று அதையும் மெசினுக்குப் பழக்கிவிட்டார்கள்.

டிசம்பர் மாதம், மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிற ஒரு நாளில், கொழும்பிலிருந்து லொறி வந்தது. கஞ்சா ஆறு மூட்டை. மூட்டைக்கு இரண்டு கிலோ என்று கூட வந்த துண்டில் எழுதியிருந்தது. ஆறும் சேர்ந்தால் பன்னிரண்டு. பரீனா நிறுத்தாள். பன்னிரண்டு கிலோ நானூற்றுப் பத்து கிராம் காட்டியது. 'நிறை கூடுதலாக உள்ளது. ஏற்கிறீர்களா?' என்று டப்லெட் கேட்டது.

பரீனாவுக்குச் சந்தோஷம். கொழும்புக்காரன் தாராளமாய் நிறுத்துப் போட்டிருக்கிறான், வருகிற சீதேவியை வேண்டாம் என்பானேன் என்று நினைத்து 'ஆம்' என்பதை அழுத்தினாள். அழுத்தின அந்த விரலை அவள் பிறகு எத்தனை தரம் திட்டினாள் என்பதற்குக் கணக்கில்லை.

பழைய மூட்டைகள் கையிருப்பில் இருந்தபடியால் அந்த ஆறையும் யாரும் தொடவில்லை. மாதாமாதம் சீலைப் பார்த்தாள். சீல் சீலாகவே இருந்தது. மாரி போனது, பனி போனது, கச்சான் காற்று தொடங்கியது. தரைப்பக்கமிருந்து வீசுகிற அந்தக் காற்று வந்துவிட்டால் துறைமுகத்தில் நிற்கிறவனுக்கும் நாக்கு வறளும். ஜூலை மாதம், அப்படிக் கச்சான் அள்ளி வீசின ஒரு செவ்வாய்க்கிழமை, பாக்கியரத்தினம் வந்தார்.

பாக்கியரத்தினம் கொழும்பு மேலதிகாரி. மெலிந்த மனிதர். பென்சனுக்கு ஒன்றரை வருஷம் இருக்கிறது என்பதை வந்து ஐந்து நிமிஷத்துக்குள் சொல்லிவிட்டார். சொந்தத் தராசொன்றைப் பெட்டியில் வைத்து, பிறந்த பிள்ளையைப்போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். ஆறு மூட்டையையும் ஒவ்வொன்றாக வைத்து நிறுத்தார். கூட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் நிறுத்தார்.

"மிஸ், உங்கடை பதிவிலை பன்னிரண்டு கிலோ நானூற்றுப் பத்து. இப்ப பதினொரு கிலோ எண்ணூற்று எழுபதுதான் நிக்குது. அரைக் கிலோவுக்கு மேலை காணேல்லை."

பரீனாவின் தலைக்குள் அந்தக் கச்சான் புகுந்ததுபோல இருந்தது. "சேர், சீலைப் பாருங்க. ஒண்டும் உடையல்ல."

"அதுதான் எனக்கும் பயமாக் கிடக்கு. சீலை உடைச்சு எடுத்தா அது சாதாரண கள்ளன். உடைக்காமல் எடுத்தா அது கைதேர்ந்த கள்ளனெல்லோ?"

"சேர், கொழும்பிலயிருந்து வந்ததே பன்னிரண்டுதான். துண்டில பாருங்க. இஞ்ச நிறுக்கக்கதான் கூடக் காட்டின."

"அப்ப பன்னிரண்டிலும் குறையுதே. அதோடை, அந்த நானூற்றுப் பத்தைக் கொழும்பு அனுப்பேல்லை. நீங்கள் ஏற்றதாப் பதிஞ்சிருக்கிறியள். அது எங்கையிருந்து வந்தது? வெளியிலையிருந்து கொண்டுவந்து சேர்த்ததோ?"

கூடினதற்கு ஒரு வழக்கு, குறைந்ததற்கு ஒரு வழக்கு! வெளியிலிருந்து கஞ்சா கொண்டு வந்தவளும் அவள், உள்ளேயிருந்து கொண்டு போனவளும் அவள். இவ்வளவு ஓடியாடித் திரிகிற ஒரு பெண்ணைப் பொலிஸ் சும்மா விடுமா?

டொக்டர் மேனுஜா நடுவில் வந்தார். இளம் பெண், கோபம் வந்தால் கழுத்துச் சிவக்கும். "சேர், பரீனா அக்கா எட்டு வருஷமா இஞ்சை. ஒரு கடுக்காய்கூடக் குறைஞ்சதில்லை."

"நான் குற்றம் சொல்லேல்லை, டொக்டர். மெசின் சொல்லுது. நாலு மணிக்கிடையிலை காரணம் பதியவேணும். இல்லாட்டி பொலிசு வரும். ஆறு மூட்டையையும் வழக்குப் பொருள் எண்டு கொண்டு போவினம். பிறகு என்ரை கையிலையும் ஒண்டுமில்லை." பாக்கியரத்தினம் மணிக்கூட்டைப் பார்த்தார். பன்னிரண்டே கால்.

மடியிலே கனமில்லாதவனுக்கு வழியிலே பயமில்லை என்று யாரோ சொல்லி வைத்தார்கள். பரீனாவின் மடியில் ஓர் இலைகூட இல்லை. பயம் மட்டும் மூட்டை மூட்டையாக இருந்தது. பின்கதவைத் திறந்துகொண்டு கடல் பக்கம் போய், புருஷனுக்குப் போன் எடுத்தாள். கஞ்சா வழக்கில் உள்ளே போனால் லேசில் பிணை கிடைக்காது, மகளை உம்மா வீட்டில் விடவேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னால் ஷாமிலா என்ன சொல்லுவாள் என்று மனம் தாறுமாறாக ஓடியது.

அவளுடைய புருஷன் முனீப் கருவாட்டு வியாபாரி. போனை எடுத்தான்; எடுத்ததோடு சரி. "கொஞ்சம் நில்லு புள்ள" என்றுவிட்டு, கடைக்கு வந்து நிற்கிற குருநாகல்காரனோடு சண்டையைத் தொடர்ந்தான். மாரியில் வாங்கி, முனீப்பின் கடையிலேயே வைத்துவிட்டுப் போன கருவாட்டை எடுக்க வந்த மனிதன் அவன். இப்போது நிறுத்துப் பார்த்தால் குறைகிறதாம். அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்டே முனீப் அவனை ஏசினான்.

"காக்கா, மழைக்க நிறுத்த கருவாட்ட கச்சானுக்க நிறுத்துப்போட்டு என்னக் கள்ளன் எண்டா எப்பிடி? நூறு கிலோவுக்கு நாலஞ்சு கிலோவ இந்தக் காத்துத் திங்கும். மாரியில வாங்கினா மழையையும் சேத்துத்தான் வாங்கின. ஊருலகத்துக்கே தெரிஞ்ச கதை இது! வேணுமெண்டா பக்கத்துக் கடைக் கருவாட்டையும் நிறுத்துப் பாருங்க, அதுவும் இதே அளவாக் குறைஞ்சிருக்கும். என்ன புள்ள, சொல்லு..."

பரீனா அப்படியே போனை வைத்துவிட்டாள்.

கையிலே வெண்ணெயை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைகிற கதை கேட்டிருப்பீர்கள். பரீனா அதையும் தாண்டிவிட்டாள். பன்னிரண்டு வருஷமாக இந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டு சோறு சமைக்கிறவள். மாரியில் ஒருவன் ஈரக் கருவாடு விற்க வந்தால், முனீப்புக்கு முன்னால் நின்று, "இது மழை நிறை, கழிச்சுத்தான் எடுப்பம்" என்று சொல்லுகிறவளே அவள்தான். அப்படிப்பட்டவள், அரசாங்கத்துச் சாமான் என்றதும், சீலும் இலக்கமும் அடித்து இரும்பு அலுமாரியில் வைத்ததும், அது நனையாது, காயாது என்று எப்படி நினைத்தாள்? வீட்டு மூளையை வீட்டிலேயே வைத்துவிட்டு வேலைக்கு வந்திருக்கிறாள். அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

உள்ளே ஓடிவந்தாள். "சேர், இது காஞ்சிருக்கு. டிசம்பரில ஈரம் குடிச்சுக் கூடின, இப்ப கச்சானுக்குக் காஞ்சு குறைஞ்ச. வேறொண்டுமில்ல."

"இருக்கலாம், மிஸ். ஆனா நீங்கள் சொன்னா அது குற்றவாளி சொல்லுற கதை."

"நான் சொல்லல்ல, சேர். ஆடாதோடை சொல்லும்."

பாக்கியரத்தினம் டொக்டரைப் பார்த்தார். பயத்தில் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருக்கவேண்டும்.

ஆடாதோடையின் கதையைச் சொன்னால்தான் உங்களுக்கும் விளங்கும். திருகோணமலையில் வேலிக்கு வேலி ஆடாதோடை நிற்கிறது. களஞ்சியத்தின் பின்வேலியே அதுதான். ஆடு தொடாது என்பதால்தான் வேலிக்கே அதை வைக்கிறார்கள். பஸ் நிலையத்தடியில் திரிகிற மான்கள் கடதாசியைத் தின்னும், பொலித்தீனைத் தின்னும், ஆடாதோடையை மோந்துகூடப் பாராது. அப்படிப்பட்ட ஊருக்கு, அதே டிசம்பர் லொறியில், கொழும்பு ஒரு மூட்டை காய்ந்த ஆடாதோடை இலையை அனுப்பியிருந்தது. யார் கேட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. இருமல் மருந்துக்கு வேண்டுமென்றால் டொக்டர் பின்கதவால் போய்ப் பச்சையாகவே பிடுங்கிக்கொண்டு வருவார். அதனால் அந்த மூட்டை வந்த தையலோடேயே மூலையில் கிடந்தது. ஆனால் பரீனா எதையும் நிறுக்காமல் உள்ளே எடுக்கிறவள் அல்ல. கஞ்சா நிறுத்த அதே நாளில், அதே தராசில் நிறுத்து, சாதாரண சாமான் கொப்பியில் எழுதி வைத்திருந்தாள்: இருபத்தைந்து கிலோ எண்ணூற்றைம்பது.

"இது இரும்பு அலுமாரிக்குள்ள இருக்கல்ல. ஆனா ஒரே அறை, ஒரே காத்து. நிறுங்க, சேர்."

மிஞ்சினால் ஆறு கிலோ தாங்குகிற அந்தச் செல்லப்பிள்ளைத் தராசு இதற்கு ஆகாது. களஞ்சியத்துத் தராசில், தன் படிக்கல்லை வைத்துச் சரிபார்த்துக்கொண்டு, பாக்கியரத்தினம் மூட்டையை ஏற்றச் சொன்னார். இருபத்துநாலு கிலோ எழுநூற்று முப்பது. பென்சிலை எடுத்தார். ஒரு கடதாசியின் ஒரு பக்கத்தில் கஞ்சாவுக்கு வகுத்தார். மறுபக்கத்தில் ஆடாதோடைக்கு வகுத்தார். இதுவும் நூற்றுக்கு நாலு சொச்சம், அதுவும் நூற்றுக்கு நாலு சொச்சம்.

பென்சிலைச் சட்டைப்பையில் செருகினார். பிறகு பாக்கியரத்தினம், உத்தியோகம் பார்த்த தோஷத்தில், கேட்டார்: "இதையும் ஆரேன் எடுத்திருக்கலாம்தானே?"

டொக்டர் மேனுஜா யன்னலைத் திறந்து பின்வேலியைக் காட்டினார். நீளத்துக்கு ஆடாதோடை தளதளவென்று நின்றது. அதற்கு அருகே ஓர் ஆடு, அதைத் திரும்பியும் பாராமல், தூர நின்ற முட்செடிக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. "சேர், ஆடே தொடாததைக் கள்ளன் தொடுவானோ? அதுவும் தையலைப் பிரிக்காமல்?"

பாக்கியரத்தினம் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் பரீனாவுக்கு உயிர் வந்தது. முடிந்தது என்று நினைத்தாள். முடியவில்லை. மனிசனுக்கு விளங்கினாலும் மெசினுக்கு விளங்கவேண்டுமே.

டப்லெட் நாலே நாலு காரணங்களை வைத்திருந்தது. களவு. தீ. வெள்ளம். எலி. நாலில் ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். காற்று என்று ஒன்று அதில் இல்லை. குளிரூட்டிய அறைக்குள் இருந்து அதைச் செய்தவர்களுக்குக் காற்று எங்கே தெரியப்போகிறது? பாக்கியரத்தினம் கொழும்புக்குப் போன் எடுத்தார். சங்கீதம் கேட்டது. மறுபடி எடுத்தார். அதே சங்கீதம். மூன்று மணியாயிற்று, மூன்றரையாயிற்று.

"தங்கச்சி," என்றார் மெல்ல. மிஸ் என்கிற கதை போய்விட்டது. "எலி எண்டு போடுவமோ? உங்களுக்கும் பிரச்சினை இல்லை, எனக்கும் இல்லை. ஒரு மூட்டையின்ரை மூலையைக் கொஞ்சம் கிழிச்சுப் படமெடுத்தாச் சரி."

பரீனாவுக்கு ஆசையாக இருந்தது. பொய் சொல்லக்கூடாது என்பதெல்லாம் பிறகு. ஐந்து மணி பஸ்ஸில் வழக்கமான இருக்கையில் இருந்து, கிண்ணியாப் பாலத்துக்கு மேலால் போய், மகளுக்குப் பராட்டா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஒரு சின்ன எலி. யாருக்கு நட்டம்? வாய் 'ஓம்' என்று சொல்லத் திறந்தும்விட்டது. அப்போதுதான் கருவாட்டுக்காரியின் மூளை குறுக்கே வந்து நின்றது.

"ஏலாது, சேர்."

"ஏன் தங்கச்சி?"

"டிசம்பரில மழை வரும். இந்த மூட்டை திரும்ப ஈரம் குடிச்சு அரைக் கிலோ கூடும். அப்ப என்ன எழுதுற? எலி திண்டதத் திருப்பித் தந்திட்டு எண்டா?"

பாக்கியரத்தினம் டப்லெட்டை மேசையில் வைத்தார்.

"அதோட, இப்ப மூட்டை முழுசா இருக்கு. என்ட கையால நான் கிழிச்சா, அதுக்குப் பிறகு நான் கள்ளிதான். இப்ப இல்ல." மேசையில் கிடந்த டப்லெட்டை அவர் பக்கமே தள்ளிவிட்டாள். "நான் அஸர் தொழுதிட்டு வாறன், சேர். வாறது வரட்டும்."

அவள் தொழுதுவிட்டு வரும்போது மூன்று ஐம்பத்தேழு. மூவரும் டப்லெட்டைச் சுற்றி இருந்தார்கள். நாலு மணிக்கு அது 'டிங்' என்று ஒரு சத்தம் போட்டது. அவ்வளவுதான். சைக்கிள் மணிபோலச் சின்னச் சத்தம்.

நாலே காலுக்கு ஜீப் வந்தது. அதிலிருந்து சார்ஜன்ட் அர்ஷாக் இறங்கினார். தொப்பை தள்ளின, வெயிலில் களைத்த மனிதர். கஞ்சா என்றதும் யாரோ வாலிபப் பொடியன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான் என்று நினைத்து வந்தவர், பர்தா போட்ட ஒரு பெண்ணையும், வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு டொக்டரையும், பென்சில் செருகின ஒரு ஐயாவையும் கண்டு திகைத்துப் போனார். பரீனா நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவருடைய முகம் மாறியது.

"சீல் உடைஞ்சதா?"

"இல்ல, சேர்."

"எப்ப நிறுத்த?"

"டிசம்பர் மழைக்க."

சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றிக் கதிரையில் வைத்தார். "நான் கந்தளாய்ப் பொடியன். எங்கட வாப்பா நெல்லுக் கொண்டு போனா, அரசாங்கக் களஞ்சியத்தில ஒரு மெசினை மூட்டைக்குள்ள குத்தி ஈரம் பாத்துத்தான் எடுப்பாங்க. ஈரம் கூடினாத் திருப்பி அனுப்புவாங்க. எங்களிட்ட வாங்கக்க ஈரம் தெரியிற அரசாங்கத்துக்கு, தன்ட சாமான நிறுக்கக்க மட்டும் ஈரம் தெரியாதாமா? இதுக்கா என்னை இந்த வெயிலுக்குள்ள கூப்பிட்ட?"

நியாயமான கேள்விக்கு அரசாங்க அலுவலகத்தில் என்றைக்குப் பதில் இருந்தது?

"எனக்கு விளங்குது. ஆனா நான் சும்மா போக ஏலா. பொறுப்பான ஒராள் எழுதிக் கையெழுத்து வைக்கவேணும், களவில்ல எண்டு. அப்பதான் நான் புத்தகத்தில முடிச்சு எழுதலாம். ஆர் வைக்கிற?"

சார்ஜன்ட் பாக்கியரத்தினத்தைப் பார்த்தார். டொக்டரும் பார்த்தார். பரீனா மட்டும் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றரை வருஷத்தில் பென்சன். மெசின் ஒன்று சொல்ல, மனிசன் வேறொன்று எழுதினால் கொழும்பு யாரைப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

பாக்கியரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார்; அதை வைத்துவிட்டுப் பேனையை எடுத்தார். 'நிறை வித்தியாசம் காற்றின் ஈரம் கூடிக் குறைந்ததால் ஏற்பட்டது. அதே நாளில் பெற்ற ஆடாதோடை மூட்டை இதற்குச் சாட்சி. என் கண்முன்னே நிறுத்துப் பார்க்கப்பட்டது' என்று எழுதி, முழுப் பெயரோடு கையெழுத்து வைத்தார். "இருபத்தெட்டு வருஷமா ஆக்கள் எழுதினதுக்குக் கீழைதான் வைச்சனான்," என்றார். "இண்டைக்குத்தான் நான் எழுதினதுக்கு வைக்கிறன். இப்பவெண்டாலும் ஒரு தேத்தண்ணி தாங்கோ, தங்கச்சி."

பரீனா குசினிக்குள் போய்க் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதாள். அன்று ஐந்து மணி பஸ் தவறிப்போனது. ஆறரைப் பஸ்ஸில் போய் இறங்கினபோது, பகலிலிருந்து பதினேழு தரம் போன் எடுத்துக் களைத்த முனீப் பஸ் தரிப்பில் நின்றான். "ஏன் புள்ள, பாதியில வெச்ச?" என்றான். "எனக்கு வேண்டியது கிடைச்சிட்டு" என்று மட்டும் சொன்னாள்.

கொழும்பில் பாக்கியரத்தினத்தை இரண்டு தரம் விளக்கம் கேட்டார்கள். இரண்டு தரமும் ஆடாதோடைக் கணக்கைப் போட்டு அனுப்பினார். ஒக்டோபரில் சுற்றறிக்கை வந்தது. காரணப் பட்டியலில் ஐந்தாவதாக 'ஈரப்பதம்' சேர்ந்தது. அதோடு விட்டார்களா? ஈரத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அந்த ஆடாதோடை மூட்டையும் இனிமேல் கண்காணிப்புக்குட்பட்ட பொருள். சீல் அடித்து, இலக்கமிட்டு, இரண்டு பூட்டுக்குள் வைக்கவேண்டும் என்று எழுதியிருந்தது. வேலியில் கேட்பாரற்று நிற்கிற இலை, அலுமாரிக்குள் கஞ்சாவுக்குப் பக்கத்தில் கௌரவமாகக் குடியேறியது.

டிசம்பரில் மழை தொடங்கியது. பரீனா நிறுத்தாள். இன்னும் பிரிக்காத அந்த ஆறு மூட்டைக் கஞ்சாவும் பன்னிரண்டு கிலோ முந்நூற்றுத் தொண்ணூறு. போனது ஏறக்குறைய அத்தனையும் திரும்பி வந்திருந்தது. ஆடாதோடையும் ஏறியிருந்தது. இரண்டையும் படமெடுத்துப் பாக்கியரத்தினத்துக்கு அனுப்பி, 'எலி திருப்பித் தந்திட்டு, சேர்' என்று கீழே எழுதினாள். அவர் சிரிக்கிற முகங்களை வரிசையாக அனுப்பினார்.

மாரி என்றால் இருமலும் வரும். டொக்டர் மேனுஜா குடையைத் தேடிக் காணாமல், அலுமாரியடிக்கு வந்தார். "பரீனா அக்கா, வெளியிலை போக ஏலாத மழை. அந்த ஆடாதோடை மூட்டையைப் பிரிச்சு ரெண்டு பிடி தாங்கோவன்."

பரீனா இரண்டு பூட்டுக்கும் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"அதை மட்டும் கேக்காதீங்க, டொக்டர். அது மருந்தில்ல, என்ட சாட்சி," என்றாள். பிறகு ஒரு வெறும் சாக்கைத் தலைக்கு மேலால் போட்டுக்கொண்டு, பின்கதவைத் திறந்து, மழைக்குள் வேலியடிக்கு இலை பிடுங்கப் போனாள்.